டன்னல் ஹல் ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) படகு துள்ளினால், ஆடினால், கவிழ்ந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

படகு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றால் நம்மில் பாதிப் பேர் முதலில் செய்வது புது ப்ராப் (தண்ணீரில் சுழன்று படகைத் தள்ளும் விசிறி) ஆர்டர் போடுவது, மீதிப் பேர் இன்னும் பெரிய மோட்டார் தேடுவது. இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். டன்னல் ஹல் என்பது தண்ணீரை மட்டும் நம்பி ஓடுகிற படகு இல்லை. இரண்டு பக்கமும் ஸ்பான்சன், அதாவது நீளமான மிதவை, நடுவில் காற்று புகுந்து போக ஒரு வழி. வேகம் ஏற ஏற அந்த வழியில் புகுந்த காற்று அமுங்கிப் படகைத் தூக்கும், கடைசியில் ஸ்பான்சன்களின் பின் நுனியும் ப்ராப்பும் மட்டும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு ஓடும். அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இது தண்ணீர் செய்கிற வேலையா, காற்று செய்கிற வேலையா? இதைப் பிரித்துப் பார்க்காமல் எந்த போல்ட்டைத் திருகினாலும் இருட்டில் கை விடுகிற கதைதான்.

பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. காற்றை எதிர்த்து ஒரு ஓட்டம், காற்று போகிற திசையிலேயே ஒரு ஓட்டம், இரண்டையும் ஒரே த்ராட்டிலில் (ரிமோட்டில் வேகம் கூட்டும் விசை) ஓட்டிப் பாருங்கள். காற்றின் தூக்கு விசை வேகத்தின் இருமடியில் ஏறும். படகு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறது, எதிர்க்காற்று 20 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் டன்னல் உணர்கிற வேகம் 80, தூக்கு விசை காற்றே இல்லாத நேரத்தைவிட சுமார் 1.8 மடங்கு. அதே படகு திரும்பிக் காற்றோடு ஓடும்போது டன்னல் உணர்வது வெறும் 40, தூக்கு விசை பாதிக்கும் கீழே. ஆக, எதிர்க்காற்றில் மட்டும் மூக்கு தூக்குகிறது, திரும்பி வரும்போது சாதுவாக ஓடுகிறது என்றால் காற்றுதான் காரணம். எடை மையத்தையும் ட்ரிம்மையும், அதாவது மோட்டார் முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணத்தையும், பாருங்கள். இரண்டு திசையிலும் ஒரே மாதிரி துள்ளினால், ஆடினால், தண்ணீர்ப் பக்கம். அடிப்பாகத்தையும் மோட்டார் உயரத்தையும் பாருங்கள். வெறும் கண்ணால் பார்த்தால் எல்லாமே "ஏதோ குதிக்கிறது" என்றுதான் தெரியும். கூட வந்தவரிடம் போனைக் கொடுத்து ஸ்லோ மோஷனில் பக்கவாட்டில் ஒன்று, பின்பக்கமிருந்து ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு வீடியோவும் பாதி வேலையை முடித்துவிடும்.

எங்கே ஓட்டுவது

சேலத்துக்காரர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. மூக்கனேரியில் மண்மேடு போட்டு மரம் வளர்த்த தீவுகள் இருக்கின்றன, பறவைகள் அடைகின்றன, அங்கே 60 கி.மீ. வேகத்தில் ஒரு சாமானை ஓட்டுவது சரியில்லை. ஏற்காடு ஏரியில் நாள் முழுக்கச் சுற்றுலாப் படகு ஓடும், மிதிபடகில் குழந்தைகள் இருப்பார்கள், நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். பனமரத்துப்பட்டி ஏரியில் தண்ணீர் நிற்கிற வருஷம் குறைவு. மேட்டூர் அணையில் தண்ணீர் பரப்பு பெரிது, அலையும் பெரிது, போதாததற்கு மீனவர்களின் வலையும் பரிசலும். நமக்குத் தோதானது தெரிந்தவர் தோட்டத்துப் பண்ணைக்குட்டை, அல்லது மலையில் எஸ்டேட்காரர் யாராவது அனுமதித்தால் அவர்களுடைய நீர்த்தேக்கக் குட்டை. கைவிட்ட கல்குவாரிக் குட்டையில் தண்ணீர் கண்ணாடியாகத்தான் நிற்கும், ஆனால் கரை செங்குத்து, ஆழம் தெரியாது, படகு நடுவில் நின்றுவிட்டால் யாராவது குதிப்பார்கள். வேண்டாம்.

நேரம், விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், அம்மிக்கே அந்தக் கதி என்றால் இரண்டரைக் கிலோ டன்னல் ஹல் எம்மாத்திரம். ஆடி மாதம் மதியத்தில் செட்டிங் பார்த்துவிட்டு "படகு சரியில்லை" என்று முடிவு கட்டாதீர்கள்.

தண்ணீரில் விடுவதற்கு முன்னால்

நேற்று வரை நன்றாக ஓடிய படகு இன்று திடீரென்று ஒரு பக்கம் சாய்கிறது என்றால் முதலில் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். ஸ்பான்சனுக்குள் தண்ணீர் சலசலக்கும். நூறு மில்லி தண்ணீர் என்றால் நூறு கிராம், அதுவும் ஓரத்தில், அதுவும் வேகம் கூட்டினால் பின்னால் ஓடி, வேகம் குறைத்தால் முன்னால் ஓடுகிற நூறு கிராம். எந்த செட்டிங்கும் அதற்கு நிற்காது. ஓட்டத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டுப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். கசிவு பெரும்பாலும் டேப் ஒட்டும் மூடியின் ஓரத்திலோ, திருப்பத்தில் வழுக்காமல் பிடிக்கிற ஃபின் தகட்டின் ஸ்க்ரூ ஓட்டையிலோதான் இருக்கும்.

அடுத்து அடிப்பாகம். எனக்குக் கேட்டால், டன்னல் ஹல்லின் கோளாறுகளில் பெரும்பங்கு இங்கேதான் ஒளிந்திருக்கிறது, ஆனால் யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் வெறும் கண்ணுக்கு நேராக இருப்பது போலத்தான் தெரியும். கண்ணாடிக் கடையில் 8 அல்லது 10 மி.மீ. தடிமனில், படகு நீளத்துக்கு ஒரு துண்டு கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள், வெட்டுத் துண்டாகவே மலிவாகக் கிடைக்கும். அதை மேஜையில் ரசமட்டம் வைத்து மட்டமாகப் போட்டு, மேலே படகை வையுங்கள். முதலில் நான்கு மூலையிலும் விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். ஒரு மூலை 'டக்' என்று தட்டினால் ஹல் முறுக்கிக்கொண்டிருக்கிறது, அதாவது இரண்டு ஸ்பான்சனும் ஒரே தளத்தில் இல்லை. தட்டவில்லை என்றால் ஒரு டார்ச்சைப் பின்பக்கம் வைத்து, கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டுவந்து ஸ்பான்சனுக்குக் கீழே வெளிச்சம் எங்கே வருகிறது என்று பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்து இரண்டு முனையும் கண்ணாடியைத் தொட்டால் அடிப்பாகம் உட்குழிந்திருக்கிறது. நடு மட்டும் தொட்டுப் பின் நுனியில் வெளிச்சம் வந்தால் வெளிப்புறம் புடைத்திருக்கிறது. இடைவெளியை அளக்க, தெருமுனை டூ வீலர் மெக்கானிக்கிடம் "அண்ணே, அந்த டேப்பட் கேஜ் கொஞ்சம் குடுங்க, சாயங்காலம் தந்துடறேன்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பின்பக்கக் கடைசி 15 செ.மீ. பகுதியில் 0.25 மி.மீ. தகடு நுழைந்துவிட்டால் நான் அதைச் சரிசெய்யாமல் தண்ணீரில் விடமாட்டேன்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், உட்குழிவு பின்பக்கத்தைத் தூக்கி மூக்கை அழுத்தும், படகு தண்ணீரை உழுதுகொண்டு போகும். புடைப்பு இதற்கு நேர் எதிர், தண்ணீர் அந்த வளைவை ஒட்டிக்கொண்டு பின்பக்கத்தைக் கீழே இழுக்கும், மூக்கு எழும், விழும், மறுபடி எழும். ஒரு பக்கம் குழிவு, மறுபக்கம் புடைப்பு என்றால் சொல்லவே வேண்டாம். சரிசெய்வது நம்ம ஊர் டிங்கரிங் வேலைதான்: மேடான இடத்தைத் தேய்த்து, பள்ளமான இடத்தில் பட்டி வைத்து, மட்டமான மரக்கட்டையில் வாட்டர் பேப்பரைச் சுற்றித் தேய்ப்பது. கையில் பேப்பரை மடித்துத் தேய்த்தால் விரல் அளவுக்குப் பள்ளம் விழும், கட்டை அவசியம். ஃபைபர் ஹல்லுக்கு எப்பாக்ஸி பட்டி நல்லது, கார் பட்டி தண்ணீரில் நாளடைவில் பெயர்ந்துவிடுகிறது. இன்னொன்று, ஸ்பான்சனின் பின் விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாக இருக்க வேண்டும். உருண்டையாக இருந்தால் தண்ணீர் விட்டு விலகாமல் விளிம்பைச் சுற்றி மேலே ஏறிப் பின்னால் இழுக்கும். பளபளப்பாக்குகிறேன் என்று அதை மழுங்கடித்துவிடாதீர்கள்.

சரி, அப்புறம் ஸ்டீயரிங். ரேடியோவை ஆன் செய்து, செர்வோ (ஸ்டீயரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டார்) பிடித்துக்கொண்டிருக்கும்போது மோட்டாரின் அடிக் காலை (ப்ராப் மாட்டியிருக்கும் கீழ்ப்பகுதியை) கையால் இடவலமாக ஆட்டுங்கள். பேட்டரி இணைத்திருந்தால் ப்ராப்பைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், இதில் அலட்சியம் வேண்டாம், இந்த அளவு ப்ராப் விரலை வெட்டும். கால் நுனியில் ஒன்றிரண்டு மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருந்தால் படகு நேர்கோட்டில் ஆடுவதற்கு அதுவே போதும். செர்வோ ஆர்ம், லிங்க் பந்து, மோட்டார் பிராக்கெட்டின் பிவட் போல்ட், இந்த வரிசையில் தேடுங்கள்.

கடைசியாக எடை மையம். பேட்டரி, மூடி, டேப் எல்லாம் போட்டு, ஓடும்போது எப்படி இருக்குமோ அப்படியே இரண்டு பென்சில் மேல் வைத்துச் சமன் ஆகும் இடத்தைக் குறியுங்கள். ஸ்பான்சனின் பின் நுனியிலிருந்து மொத்த நீளத்தில் சுமார் 30 சதவீதம் என்பது நல்ல ஆரம்பப் புள்ளி, 75 செ.மீ. படகு என்றால் பின்னாலிருந்து 22.5 செ.மீ. ஹல்லோடு வந்த காகிதத்தில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இதில் பலர் ஏமாறுவது ஒரு கணக்கில்: இரண்டரைக் கிலோ படகில் அரைக் கிலோ பேட்டரியை 10 மி.மீ. முன்னால் தள்ளினால் எடை மையம் நகர்வது 2 மி.மீ. மட்டுமே. "பேட்டரியை நகர்த்திப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை" என்று சொல்கிறவர்களில் பலர் மாறுகிற அளவுக்கு நகர்த்தியிருக்க மாட்டார்கள். தரையில் வெல்க்ரோவை நீளமாக ஒட்டி வையுங்கள், இடம் வேண்டும்.

மோட்டார் உயரத்துக்கும் ஒரு ஆரம்பப் புள்ளி: ப்ராப் ஷாஃப்டின் மையம் ஸ்பான்சன் அடிமட்டத்துக்குச் சமமாக, ஷாஃப்ட் கண்ணாடிக்கு இணையாக. இங்கிருந்துதான் எல்லாத் திருத்தமும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

மூக்கு துள்ளுகிறது

நேர் ஓட்டத்தில் மூக்கு தாளம் போட்டது போல மேலும் கீழும் ஆடும். அடிப்பாகம் மட்டமாக இருக்கிறது என்று கண்ணாடியில் பார்த்தாகிவிட்டது என்றால் மீதி இருப்பது இரண்டு: மோட்டாரின் கால் வெளிப்பக்கம் அதிகம் சாய்ந்திருக்கிறது, அல்லது எடை மையம் ரொம்பப் பின்னால். முதலில் ட்ரிம். காலை உள்பக்கம் இழுத்தால் மூக்கு இறங்கும், வெளிப்பக்கம் தள்ளினால் மூக்கு ஏறும். எவ்வளவு இழுப்பது? காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தடிமன் 0.76 மி.மீ. பிராக்கெட்டின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையே 40 மி.மீ. இருந்தால், மேல் போல்ட் அல்லது கீழ் போல்ட் பக்கம் மட்டும் பிராக்கெட்டுக்கும் படகுக்கும் நடுவில் ஒரு கார்டுத் துண்டு வைத்தால் கோணம் கிட்டத்தட்ட ஒரு டிகிரி மாறும். மேலே வைத்தால் மோட்டாரின் தலை பின்னால் போய்க் கால் உள்ளே வரும், கீழே வைத்தால் கால் வெளியே போகும். பிளாஸ்டிக் பாட்டில் துண்டு இதைவிட மெல்லிசு, கால் டிகிரி அரை டிகிரிக்கு அது. சும்மா கண் அளவில் போல்ட்டை இளக்கி இறுக்குவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல், ஏனென்றால் பழைய இடத்துக்குத் திரும்பி வர முடியும்.

ட்ரிம்மை ஒரு டிகிரி உள்ளே கொண்டுவந்தும் துள்ளல் நிற்கவில்லை என்றால் மேலும் மேலும் இழுக்காதீர்கள். மூக்கு நனையும், வேகம் போகும், திருப்பத்தில் குத்திக்கொள்ளும். ட்ரிம்மைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய், எடை மையத்தை 5 மி.மீ. முன்னால் நகர்த்துங்கள்.

மூக்கு தூக்கி மல்லாக்கப் புரள்கிறது

டன்னல் ஹல் ஓட்டுகிற எல்லோருக்கும் இது வரும், பெரிய படகுகளுக்கும் வரும். 2018 நவம்பரில் அமராவதியில், கிருஷ்ணா நதியில் எஃப்1எச்2ஓ என்கிற விசைப்படகுப் போட்டி நடந்ததே, அதில் ஓடியவையும் இதே இரட்டை ஸ்பான்சன் படகுகள்தான். 200 கி.மீ. வேகத்தைத் தாண்டி ஓடுகிற அந்தப் படகில் ஓட்டுநர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ட்ரிம்மை மாற்றிக்கொள்வார். நம்முடையதில் கரையில் நின்று ஒரு செட்டிங்கோடு முழு ஓட்டத்தையும் ஓட்ட வேண்டும், அதனால் கொஞ்சம் கீழ்ப்பக்கமாகவே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

முழு வேகத்தில் மூக்கு மெதுவாக எழுந்து, ஒரு கணம் நின்று, சட்டென்று மல்லாந்துவிட்டால் பெரும்பாலும் எடை மையம் பின்னால் இருக்கிறது. அலை மேல் ஏறி அடித்த அடியில் புரண்டால் அது செட்டிங் கோளாறு என்றே சொல்ல முடியாது, அந்தத் தண்ணீரில் அந்த வேகம் கூடாது, அவ்வளவுதான். முதல் ரகத்துக்கு மருந்து: எடை மையம் 5 மி.மீ. முன்னால், அதிலும் அடங்கவில்லை என்றால் அரை டிகிரி ட்ரிம் உள்ளே. மூக்கில் ஈயக்கட்டி வைப்பதற்கு முன் பேட்டரியை முன்னால் தள்ள இடம் இருக்கிறதா என்று பாருங்கள், கூடுதல் எடை திருப்பத்தில் வட்டி போட்டு வசூலிக்கும்.

ஓட்டுகிற கையும் இதில் சேர்த்தி. எதிர்க்காற்றுப் பக்கம் திரும்பும்போது முழு த்ராட்டிலைப் பிடித்துக்கொண்டே போகாதீர்கள், முக்கால் போதும். மூக்கு எழுவது தெரிந்தால் த்ராட்டிலைக் கொஞ்சம் தளர்த்துங்கள், தள்ளு விசை குறைந்ததும் மூக்கு இறங்கும். பயந்துபோய் ஒரேயடியாக விட்டால், அதுவும் பாதித் திருப்பத்தில் விட்டால், மூக்கு தண்ணீருக்குள் போய்க் குத்தும்.

புரண்ட படகு மிதக்க வேண்டும், இதைச் சொல்லியே ஆக வேண்டும். மூடி வைத்த ஒரு லிட்டர் காலி பாட்டில் சுமார் ஒரு கிலோவைத் தாங்கும். உள்ளே இடம் இருக்கிற இடத்தில் எல்லாம் சின்னச் சின்ன பாட்டிலோ நுரை உருளையோ செருகி வையுங்கள், அசையாமல் டேப் போடுங்கள். ரிசீவரில் சிக்னல் போனால் த்ராட்டில் பூஜ்யத்துக்கு வரும்படி ஃபெயில்சேஃப் வைத்துவிட்டு, கரையிலேயே ரிமோட்டை அணைத்துச் சோதித்துப் பாருங்கள். படகை மீட்க நீளமான நைலான் மீன் நரம்பில் ஒரு டென்னிஸ் பந்தைக் கட்டி, படகைத் தாண்டி எறிந்து மெல்ல இழுப்பதுதான் எளிது. யாரும் நீந்திப் போக வேண்டாம்.

இடவலமாக ஆடுகிறது

வேகம் கூடும்போது ஒரு ஸ்பான்சனில் இருந்து மறு ஸ்பான்சனுக்கு மாறி மாறிச் சாயும், ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். ஸ்டீயரிங் ஆட்டத்தை ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் அடுத்த சந்தேகம் ப்ராப்பின் முறுக்கு. ப்ராப் ஒரு திசையில் சுற்றினால் படகு அதற்கு எதிர்த்திசையில் சாயப் பார்க்கும். பின்னாலிருந்து பார்க்கும்போது ப்ராப் கடிகாரச் சுற்றில் சுற்றினால் இடது ஸ்பான்சன் அழுந்தும், வலது எழும். பின்பக்க வீடியோவில் இது பளிச்சென்று தெரியும். பேட்டரியை எழுகிற பக்கத்துக்கு ஐந்து, பத்து மி.மீ. நகர்த்தினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரே பக்கமாகச் சாய்ந்தபடி ஓடுவதற்கும் இதே வைத்தியம்தான்.

அதிலும் அடங்காமல் முழு வேகத்தில் மட்டும் ஆடினால், படகு தண்ணீரைத் தொடுகிற பரப்பு தேவைக்கு மேல் குறைந்துவிட்டது. மோட்டாரை 1 அல்லது 2 மி.மீ. இறக்குங்கள், வேகத்தில் கொஞ்சம் போகும், ஆனால் ஓடும். போட்டிக்கு ஓட்டாதவர்களுக்கு இந்த இரண்டு மி.மீ. ஒரு பொருட்டே இல்லை.

திருப்பத்தில் வருகிற தொல்லைகள்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆர்சி படகுப் போட்டிகள் வழக்கமாகக் கடிகாரச் சுற்றில் நடக்கும், எல்லாம் வலது திருப்பம். அதனால் கடையில் வருகிற பல ஹல்களில் ஃபின் வலது ஸ்பான்சனில் மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட படகு இடது பக்கம் திரும்பும்போது வழுக்கினால், புரண்டால், அது கோளாறே இல்லை. வலது பக்கமாகவே ஓட்டுங்கள்.

வலது திருப்பத்திலேயே பின்பக்கம் வழுக்கி, மோட்டார் 'வீல்' என்று கத்தி, படகு நகராமல் நின்றால் ப்ராப் காற்றை உறிஞ்சுகிறது. மோட்டார் உயரம் அதிகம். 1 மி.மீ. இறக்கிப் பாருங்கள், போதாவிட்டால் இன்னொன்று. கரையிலிருந்து கிளம்பும்போதே இப்படிக் கத்திக்கொண்டு மேலே எழாமல் கிடந்தாலும் இதேதான், ஆனால் இறக்குவதற்கு முன் ப்ராப்பில் பாசியோ ஆகாயத்தாமரை வேரோ சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். நம்ம ஊர்த் தண்ணீரில் பாதி நேரம் அதுதான்.

திருப்பத்தில் உள்பக்க ஸ்பான்சன் குத்தி, படகு நின்ற இடத்திலேயே சுழன்றுவிடுகிறதா? எடை மையம் முன்னால் போயிருக்கும், அல்லது ட்ரிம் ரொம்ப உள்ளே இருக்கும். மல்லாந்து புரள்வதைத் தடுக்கிறேன் என்று எல்லாவற்றையும் முன்னால் தள்ளியவர்களுக்கு அடுத்து வருவது இது. கால் டிகிரி வெளியே, 3 மி.மீ. பின்னால் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வாருங்கள். ஸ்டீயரிங் கோணத்தையும் பாருங்கள், அவுட்போர்டு மோட்டார் முழுவதும் திரும்புவதால் 20 முதல் 25 டிகிரி தாராளம், அதற்கு மேல் ரிமோட்டில் எண்ட் பாயிண்ட் (ஸ்டீயரிங் திரும்பும் எல்லை) குறைத்து விடுங்கள். எக்ஸ்போ (நடு நிலையில் ஸ்டீயரிங்கை மென்மையாக்கும் ரிமோட் செட்டிங்) கொஞ்சம் சேர்த்தால் நேர் ஓட்டத்தில் கை நடுக்கம் படகுக்குப் போகாது.

வெளிப்பக்கமாக உருண்டு புரள்வது மூன்றாவது ரகம். படகு பக்கவாட்டில் வழுக்கும்போது வெளி ஸ்பான்சனின் வெளி விளிம்பு தண்ணீரில் மாட்டிக்கொள்கிறது. நல்ல ஹல்களில் அந்த விளிம்பைச் சாய்த்து வெட்டியிருப்பார்கள், தண்ணீர் பட்டால் மாட்டாமல் வழுக்கிப் போகும். உங்களுடையதில் அந்தச் சாய்வு இல்லாமல் செங்குத்தாக இருந்தால் வெளி ஓரத்தை மட்டும் மரக்கட்டை வைத்து 45 டிகிரியில் இரண்டு மூன்று மி.மீ. அகலத்துக்கு வழித்துவிடலாம். அடிமட்டத்தைத் தொடக்கூடாது, பின் விளிம்பின் கூர்மையையும் தொடக்கூடாது.

ப்ராப்

கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது, மேலே சொன்னவை சரியாகாமல் ப்ராப்பில் கை வைத்தால் காசுதான் போகும். எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்: ஆக்டூரா கம்பெனியின் எக்ஸ்442 என்றால் குறுக்களவு 42 மி.மீ., பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் கணக்குத் தூரம்) அதைப் போல 1.4 மடங்கு. எக்ஸ்440 அதே வடிவம், 40 மி.மீ. மோட்டார் சூடாகிறது, திருப்பத்தில் பின்பக்கம் ரொம்பத் தூக்குகிறது என்றால் ஒரு அளவு சின்னதாகப் போடுவது முதல் முயற்சி. பிளாஸ்டிக் ப்ராப் சக்தி கூடினால் வளைந்துகொடுக்கும், கரையில் பார்த்த பிட்ச் தண்ணீரில் இருக்காது.

உலோக ப்ராப் பலவும் வார்ப்பிலிருந்து வந்தபடியே வரும். கூர் தீட்டி, சமன் பார்த்தால்தான் அது ப்ராப். சமன் பார்க்க, அது பொருந்துகிற நேரான ஷாஃப்ட் துண்டில் மாட்டி (பெரும்பாலும் 4.76 மி.மீ.), இரண்டு பழைய ரேசர் பிளேடுகளை இணையாக, மட்டமாக நிறுத்தி அவற்றின் மேல் வையுங்கள். கனமான இலை கீழே வந்து நிற்கும். அந்த இலையின் முன்பக்கத்தில், அதாவது படகைப் பார்க்கிற புடைத்த பக்கத்தில், கொஞ்சம் தேயுங்கள். மறுபடி வையுங்கள். எந்த நிலையில் விட்டாலும் அப்படியே நின்றால் முடிந்தது. தண்ணீரைத் தள்ளுகிற பின்பக்கக் குழிவில் கை வைக்காதீர்கள், பிட்ச் மாறிவிடும். கூர் தீட்டுவதும் புடைத்த பக்கத்திலிருந்துதான்.

சேலத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகள் நிறைய, பாலிஷ் மோட்டாரில் ஒரு நிமிஷம் பிடித்தால் ப்ராப் வெள்ளி மாதிரி மின்னும் என்று எல்லோருக்கும் ஆசை வரும். நல்ல ப்ராப்கள் பல பெரிலியம் காப்பரில் செய்தவை. அதன் தூசி நுரையீரலுக்கு விஷம், சுவாசித்தால் நாள்பட்ட நோய் வரும். உங்களுக்கு மட்டுமா, பட்டறையில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கும்தான். வீட்டிலேயே, தண்ணீருக்கு அடியில் வைத்து வாட்டர் பேப்பரால் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், அந்தத் தண்ணீரைக் காயவிடாமல் துணியால் ஒற்றி, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள். ஸ்டீல் ப்ராப்பை வேண்டுமானால் பட்டறையில் கொடுக்கலாம், அவர்கள் கையில் இருக்கிற சின்ன அரங்கள் இந்த வேலைக்கென்றே செய்தது போலத்தான் இருக்கும். அதுவும் பளபளப்புக்கு மட்டும், விளிம்பை மழுக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.

மலையில் ஓட்டுகிறவர்களுக்கு

சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் சொச்சம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்று மெலிசு. குளிர்ச்சி கொஞ்சம் ஈடுகட்டினாலும், கோடையில் கீழே ஓட்டுவதோடு ஒப்பிட்டால் காற்றின் அடர்த்தி மேலே கிட்டத்தட்ட பத்து சதவீதம் குறைவாக இருக்கும். டன்னல் தருகிற தூக்கும் அதே அளவுக்குக் குறையும். தண்ணீரோ இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதனால் கீழே அழகாகப் பறந்த படகு மலையில் கொஞ்சம் மந்தமாக, மூக்கைத் தாழ்த்தி ஓடும். ஸ்பான்சன் கூடுதலாகத் தண்ணீரைத் தொடும். எலக்ட்ரிக் மோட்டாருக்குச் சக்தி குறையாது, ஆகவே இது மோட்டார் கோளாறு என்று நினைத்து இ.எஸ்.சி.யை (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) கழற்ற வேண்டாம். கால் டிகிரி, அரை டிகிரி ட்ரிம் வெளியே தள்ளினால் சரியாகிவிடும்.

சிக்கல் திரும்பி வரும்போதுதான். மலையில் பறக்கும்படி செட் செய்த படகைக் கீழே கொண்டுவந்து அப்படியே முழு த்ராட்டில் கொடுத்தால் முதல் எதிர்க்காற்றிலேயே மல்லாந்துவிடும். கொண்டை ஊசி வளைவு எல்லாம் இறங்கி வந்த களைப்பில் இதை யாரும் நினைப்பதில்லை. மேலே எத்தனை கார்டுத் துண்டு மாற்றினோம் என்பதை மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்து, கீழே தண்ணீரில் விடுவதற்கு முன் மாற்றிவிடுங்கள்.

நைட்ரோ (எரிபொருளில் ஓடும்) இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. மெலிந்த காற்றுக்கு ஏற்ப மேலே நீடிலை, அதாவது எரிபொருள் வரும் அளவைத் திருத்தும் ஊசித் திருகை, கொஞ்சம் மூடி எரிபொருளைக் குறைத்திருப்பீர்கள். அதே நீடிலோடு கீழே அடர்ந்த காற்றில் ஓட்டினால் எண்ணெய் போதாமல் இன்ஜின் கொதித்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கீழே வந்ததும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே நீடிலைக் கால் சுற்றாவது திறந்துவிட்டு, புகை நன்றாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள்.